சண்டை விளையாட்டுகளில் முன்னோடிப் பெண் பாத்திரம் என்றால் யாரைச் சொல்வீர்கள், ஏன்?

ஸ்ட்ரீட் ஃபைட்டர் வீடியோ விளையாட்டின் சுன்-லி. இதற்கு நான் யோசிக்கவே தேவையில்லை.

கேள்வி கேட்டவர் கீழே இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார்: "பையன்களைக் கவர ஒரு பெண்ணைச் சேர்த்தார்கள், அவ்வளவுதானே? முன்னோடி என்று கொண்டாட அதில் என்ன இருக்கிறது?" என் பதிலில் பெரும்பகுதி இந்த வரிக்குத்தான். இப்படி நினைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலரும் சுன்-லியை வைத்து உருப்படியாக நாலு ரவுண்டு ஆடியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1991-இல் ஜப்பானின் காப்காம் நிறுவனம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 விளையாட்டை ஆர்கேட் இயந்திரங்களில் வெளியிட்டது. நாம் தேர்ந்தெடுத்து ஆட எட்டுப் பேர். ரியூ, கென், சுமோ வீரர் ஹோண்டா, பச்சை உடம்புக்காரன் பிளாங்கா, ராணுவத்துக் கைல், மல்யுத்த வீரன் சாங்கீஃப், கை கால் நீளும் இந்திய யோகி டால்சிம் என்று ஏழு ஆண்கள். எட்டாவது ஆள் சுன்-லி. நீல நிறச் சீன உடை, வெள்ளை பூட்ஸ், தலையின் இரண்டு பக்கமும் துணி சுற்றிய கொண்டை, மணிக்கட்டில் முள் வைத்த கனத்த காப்பு. இன்டர்போல் அதிகாரி. அப்பாவைக் கொன்ற ஷாடலூ கும்பலின் தலைவன் பைசனைத் தேடி இந்தப் போட்டிக்கு வந்தவள். உருவத்தை வடிவமைத்தவர் ரசிகர்கள் அகிமான் என்று அழைக்கும் அகிரா யசுதா.

அவளுக்கு முன்னால் சண்டை விளையாட்டுகளில் பெண்ணே கிடையாது என்று சொன்னால் அது தப்பு. 1980-களின் நடுவில் கொனாமி வெளியிட்ட யீ ஆர் குங்ஃபூவில் ஸ்டார், ஃபேன் என்று இரண்டு பெண்கள் வருவார்கள். ஆனால் அவர்களைக் கணினிதான் ஆட்டுவிக்கும். நாம் ஊலாங் என்ற ஆணாக நின்று அவர்களை வீழ்த்திவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவோம், அவ்வளவுதான். ஒருவருக்கு ஒருவர் மோதும் ஒரு விளையாட்டில் நாம் கையில் எடுத்து, பக்கத்தில் நிற்கும் இன்னொரு மனிதரைத் தோற்கடிக்கக்கூடிய பெண்ணாக உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தவள் சுன்-லிதான்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரு சின்ன விஷயம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 உருவாக்கத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்த யோஷிகி ஒகமோட்டோ பிற்பாடு ஒரு பேட்டியில் சொன்னது இது. பெண்ணுக்குப் பலம் குறைவு, ஆகவே சுன்-லியின் ஹெல்த் பாரை (அடி வாங்க வாங்கக் குறையும், தீர்ந்தால் தோற்றுவிடும் பட்டை) மட்டும் மற்றவர்களுடையதைவிடக் குட்டையாக வைக்கலாம் என்று அவர் நினைத்தாராம். குழுவில் இருந்த இன்னொரு வடிவமைப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் எட்டுப் பேருக்கும் ஒரே நீளத்தில்தான் பார் வந்தது.

அந்த மறுப்பு நடக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. ஆர்கேடில் காசு போட்டு ஆடுகிறோம். ஜெயித்தவர் இருந்த இடத்திலேயே தொடர்வார், தோற்றவர் மறுபடி காசு போட வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில், தொடங்கும்போதே எதிராளியைவிட ஹெல்த் குறைவாக இருக்கும் ஒருத்தியை யார் எடுப்பார்கள்? சில நாளிலேயே "அவளை எடுக்காதே, தோற்றுவிடுவாய்" என்பது எல்லோர் வாயிலும் வந்திருக்கும். அதோடு நின்றிருக்காது. அடுத்த சில ஆண்டுகளுக்கு எல்லா நிறுவனங்களும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐப் பார்த்துத்தான் தங்கள் விளையாட்டுகளைக் கட்டின. ஆறு பட்டன், கீழிருந்து முன்பக்கமாகச் சுழற்றி அடிப்பது, மூன்றில் இரண்டு ரவுண்டு என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவர்கள், பெண்ணுக்குக் குட்டை பார் என்பதையும் விதியாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். நமக்கு வாய்த்தது வேறு விதி: பெண்ணும் மற்றவர்களைப் போல ஒரு முழு ஆட்டக்காரி.

சரி, பார் சமமாக இருந்தால் போதுமா? போதாது. அவளை வைத்து ஆடுவதற்கென்று ஒரு தனி வழி இருக்க வேண்டும். அங்கேதான் சுன்-லியை உருவாக்கியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

1991-இன் முதல் பதிப்பில் அவளிடம் எறிவதற்கு எதுவும் கிடையாது. ரியூவும் கென்னும் ஹடோக்கென் என்ற ஆற்றல் உருண்டையை விடுவார்கள், கைல் அதுபோல சானிக் பூம் விடுவான், டால்சிம் நெருப்பு துப்புவான். சுன்-லிக்குக் கிகோக்கென் என்ற உருண்டை கிடைத்ததே 1992 கடைசியில் வந்த டர்போ பதிப்பில்தான். அதுவரை அவளுக்கு இருந்தது காலும் வேகமும். எட்டுப் பேரில் சுவரை உதைத்து எதிர்ப்பக்கம் பாயத் தெரிந்தவள் அவள் மட்டும். காற்றில் இருக்கும்போது ஸ்டிக்கைக் கீழே இழுத்து நடு கிக்கை அழுத்தினால் எதிராளியின் தலையை மிதித்து மறுபடி எழும்புவாள். குதித்து வருபவனைக் காற்றிலேயே பிடித்துக் கீழே அறையவும் முடியும்.

ரியூவுக்கு எதிராக ஆடும்போது இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். திரையின் அந்தக் கோடியிலிருந்து அவன் ஹடோக்கென் விடுகிறான். நீங்கள் நின்ற இடத்திலேயே மேலே குதித்து அதைக் கீழே போகவிடுகிறீர்கள். இறங்கியதும் இரண்டு எட்டு முன்னே. அடுத்தது வருகிறது. இந்தத் தடவை பிளாக், அதாவது அடியைத் தடுத்துக்கொள்வது. கொஞ்சம் ஹெல்த் தேயும், தேயட்டும். மறுபடி முன்னே. அவள் நடை வேகம் என்பதால் இந்த இரண்டு மூன்று எட்டிலேயே இடைவெளி பாதியாகிவிடும். இப்போது அவன் கணக்கு மாறுகிறது. இன்னொரு ஹடோக்கென் விட்டால், அது கையைவிட்டுக் கிளம்பும் நேரத்தில் நீங்கள் அதைத் தாண்டிக் குதித்திருப்பீர்கள், உதை அவன் தலையில் விழும். விடாமல் பயந்து குதித்தால் காற்றில் பிடிபடுவான். ஒன்றும் செய்யாமல் குனிந்து பிளாக்கில் உட்கார்ந்தால், நேராக நடந்துபோய்த் தூக்கி எறியலாம், பிளாக் அதைத் தடுக்காது. ஒரு உருண்டைகூட எறியாமல் உருண்டை எறிபவனை மூலைக்குத் தள்ளிவிட்டீர்கள். சண்டை விளையாட்டுகளில் எனக்கு இதைவிடப் பிடித்த இன்பம் கிடையாது.

அவளுடைய புகழ்பெற்ற ஹ்யாக்குரெட்சுக்யாக்கு, அதாவது கிக் பட்டனைப் படபடவென்று தட்டினால் கால் தெரியாத வேகத்தில் உதைப்பாளே, அதைத்தான் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வார்கள். ஸ்டிக்கைக் கொஞ்ச நேரம் கீழே பிடித்திருந்து, சட்டென்று மேலே தள்ளி கிக் அழுத்தினால் தலைகீழாகச் சுழலும் ஸ்பின்னிங் பேர்ட் கிக் வரும். இரண்டும் கண்ணுக்கு விருந்து. ஆனால் நன்றாக ஆடுபவர்களைக் கவனித்துப் பாருங்கள். அவர்கள் ஜெயிப்பது நடையிலும், சரியான தூரத்தில் நின்று நீட்டும் சாதாரண உதையிலும், அந்தத் தூக்கி எறிதலிலும்தான்.

இப்போது அந்தக் "கவர்ச்சி" விஷயத்துக்கு வருகிறேன். உடையில் கவர்ச்சி இல்லை என்று நான் வாதாட மாட்டேன். இடுப்புவரை பிளந்த உடை, தொடை தெரியும் நிற்பு, எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தத் தொடையைக் கொஞ்சம் கவனியுங்கள். அது மெலிந்த மாடல் ஒருத்தியின் கால் கிடையாது. காலால் சண்டை போடுகிறவளின் தசை, திரண்டு அகன்ற தசை. அவளுடைய ஆட்டம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் உருவத்தின் கனமும் இருக்கிறது. ஜெயித்தால் துள்ளிக் குதித்து, "யத்தா!" என்று கத்திச் சிரிப்பாள். அது யாரையும் மயக்குவதற்கான சிரிப்பாக எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை, ஜெயித்த ஒருத்தியின் சந்தோஷம் அது. அதன்பின் வந்த பல விளையாட்டுகளில் பெண் பாத்திரங்கள் சும்மா நிற்கும்போதே மார்பு குலுங்கும்படி அசைவு வரைந்தார்கள். அது ஆட்டத்துக்கு எந்த வகையிலும் உதவாத ஒன்று. எனக்கு அது அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை.

கதைதான் அவளுக்குக் கொஞ்சம் துரோகம் செய்தது என்பேன். பைசனை வீழ்த்தியதும் அப்பாவின் கல்லறை முன் மண்டியிடுகிறாள், நெஞ்சைத் தொடும் காட்சி. அதற்குப் பிறகு என்ன? கடமை முடிந்தது, இனி சாதாரண இளம்பெண்ணாக வாழப் போகலாம் என்று சண்டை உடையைக் களைந்துவிட்டுக் கிளம்புகிறாள். அதே விளையாட்டில் ரியூவின் முடிவைப் பாருங்கள். பரிசளிப்பு மேடையில்கூட நிற்காமல் அடுத்த சண்டையைத் தேடி நடந்துபோகிறான். நியாயமாகச் சொன்னால் கைலும் பழிவாங்க வந்து, மனைவியும் மகளும் தடுக்க, வீட்டுக்குத்தான் போகிறான். ஆனாலும் எட்டுப் பேரில் ஒரே ஒரு பெண்ணின் கதை "இனி இதெல்லாம் வேண்டாம்" என்று முடிவது உறுத்துகிறது. அந்த உறுத்தல் காப்காமுக்கும் இருந்ததோ என்னவோ, 1993-இல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் துப்பறியும் வேலையில் தொடர்வதா, சாதாரண வாழ்க்கைக்குத் திரும்புவதா என்று முடிவு செய்யும் உரிமையை ஆடுபவரிடமே கொடுத்தார்கள். நான் எப்போதும் வேலையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அவளுக்குப் பிறகு கதவு அடைபடவே இல்லை. 1992-இல் மார்ட்டல் காம்பாட்டின் ஏழு பேரில் சோன்யா பிளேட், அதே ஆண்டு ஃபேட்டல் ஃப்யூரி 2-இல் மாய் ஷிரனுயி. 1993-இல் முப்பரிமாணத்துக்கு மாறிய வர்ச்சுவா ஃபைட்டரில் சாராவும் பாயும் என்று இரண்டு பேர். 1994-இல் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் மூன்று பெண்களைக் கொண்ட ஒரு முழு அணியையே இறக்கியது. அதே ஆண்டு டெக்கனில் வந்த நீனா வில்லியம்ஸ், அந்த வரிசையின் முதன்மை விளையாட்டுகள் எதிலும் விட்டுப்போகவில்லை.

ஆனால் சுன்-லி ஜெயித்துவிட்டாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒரு தோல்வியில். 2004 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் நடந்த ஈவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். விளையாட்டு, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக். ஜப்பானின் டைகோ உமேஹாராவிடம் கென், அமெரிக்காவின் ஜஸ்டின் வாங்கிடம் சுன்-லி. கென்னின் பாரில் ஒரு கீற்று ஹெல்த்தான் மிச்சம். சூப்பர் என்ற மிகப் பலமான தனி அடியை பிளாக் செய்தாலும் கொஞ்சம் ஹெல்த் போகும், அந்தக் கொஞ்சமே கென்னை முடித்துவிடும். சுன்-லியின் சூப்பர் பாய்கிறது, அடுக்கடுக்காக 15 உதை. அடி விழும் அந்தக் கணத்தில் ஸ்டிக்கை எதிராளி பக்கம் தட்டினால்தான் பாரி ஆகும், துளி சேதம் இருக்காது. டைகோ 15-ஐயும் பாரி செய்தார், கடைசி உதையைக் காற்றில். அப்படியே குதித்திறங்கித் திருப்பி அடித்து ஆட்டத்தை முடித்தார். கூட்டம் போட்ட சத்தத்தை இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

எல்லோரும் டைகோவைக் கொண்டாடுகிறார்கள், கொண்டாடத்தான் வேண்டும். நான் அந்தக் காணொளியில் மறுபக்கத்தையும் பார்க்கிறேன். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3-இன் முதல் இரண்டு பதிப்புகளில் சுன்-லியே கிடையாது. 1999-இல் தேர்ட் ஸ்ட்ரைக்கில் திரும்பி வந்தவள், அந்த விளையாட்டின் மிக வலுவான பாத்திரங்களில் ஒருத்தி ஆனாள். அவளுடைய அந்த சூப்பரைத் தாங்கித் தப்பியதுதான் டைகோவின் பெருமை. அரங்கில் இருந்த யாருக்கும் ஒரு பெண் பாத்திரம் இத்தனை ஆபத்தானவளாக இருப்பது விசித்திரமாகத் தோன்றவில்லை. ஹெல்த் பாரைக் குட்டையாக்கலாமா என்று யோசிக்கப்பட்டவள் அவள், நினைவிருக்கட்டும்.

2023-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் அவளுக்கு வயது கூடியிருக்கிறது. ஷாடலூ ஒழிந்துவிட்டது. லி-ஃபென் என்ற சிறுமியை வளர்த்துக்கொண்டு, சுற்றியிருப்பவர்களுக்குக் குங்ஃபூ சொல்லித் தருகிறாள். வேர்ல்ட் டூர் என்ற கதைப் பகுதியில் நமக்கே ஆசானாக வருகிறாள். ஆட்டத்திலும் அந்த முதிர்ச்சி தெரிகிறது. ஒரு தாழ்ந்த நிலைக்குள் போய், அங்கிருந்து ஆறு பட்டனுக்கு ஆறு விதமான அடி கொடுக்கலாம். கற்றுக்கொள்ள நாளாகும், விரல் வலிக்கும், ஆனால் கைவந்துவிட்டால் விடமாட்டீர்கள்.

கேள்வி கேட்ட நண்பருக்கு ஒரு வேண்டுகோள். பழைய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இப்போது தொகுப்புகளில் எளிதாகக் கிடைக்கிறது. முதல் பதிப்பையே எடுங்கள், கிகோக்கென் இல்லாத சுன்-லியோடு, நன்றாக ஆடத் தெரிந்த ஒருவரின் கைலுக்கு எதிரே உட்காருங்கள். பட்டனைப் படபடவென்று தட்டாமல், நடையும் குதிப்பும் தூக்கி எறிதலும் மட்டும் வைத்து ஒரு மாலை முழுக்க ஆடிப் பாருங்கள். ஆடிவிட்டு வந்து கீழே எழுதுங்கள், சானிக் பூமைத் தாண்டிப் போவது பற்றி இன்னும் விரிவாகப் பேசலாம்.