வேப்பிங்கிலிருந்து சிகரெட்டுக்கு: கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்றும், தான் இழுக்கும் வேப்பில், அதாவது இ-சிகரெட்டில், இருப்பது வெறும் நீராவிதான் என்றும் சொல்கிறான். நம்பலாமா?

பதில்: சிகரெட்டைத் தொடவில்லை என்பதை நம்புங்கள், நீராவி என்பது தவறு. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், சுவையூட்டிகள் ஆகியவை கலந்த திரவத்தைச் சூடேறிய கம்பிச்சுருள் நுண்துளிகளாக மாற்றுகிறது. பெரும்பாலான திரவங்களில் நிகோடினும் உண்டு.

கேள்வி: இ-சிகரெட்டில் தொடங்குபவர்கள் பின்னர் சிகரெட்டுக்குப் போகிறார்கள் என்பதற்குச் சான்று உள்ளதா?

பதில்: உள்ளது; ஆனால் அதை நிதானமாகப் படிக்க வேண்டும். 14 முதல் 30 வயதுக்குட்பட்ட 17,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த 9 அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான பகுப்பாய்வில், முன்பே வேப் பிடித்திருந்தவர்களில் சுமார் 30 சதவீதத்தினர் பின்னர் சிகரெட்டைப் பற்றவைத்திருந்தனர். வேப் பிடிக்காதவர்களில் அது சுமார் 8 சதவீதமே. துணிந்து எதையும் செய்து பார்க்கும் இயல்பும் புகைபிடிக்கும் நண்பர் கூட்டமும் உள்ளவர்கள் எப்படியும் இரண்டையும் தொட்டிருப்பார்கள் என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. அத்தகைய காரணங்களைக் கணக்கில் கொண்ட பிறகும் வேறுபாடு மறையவில்லை என்றாலும், அளவிட முடியாத காரணங்கள் எப்போதும் எஞ்சும். மேலும், அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடையே 2011 முதல் 2019 வரை வேப்பிங் 1.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக உயர்ந்தபோது, சிகரெட் பழக்கம் 15.8-இலிருந்து 5.8 சதவீதமாகக் குறைந்தது. ஆகவே சமூகம் முழுவதற்கும் இது சிகரெட்டின் வாசல் என்று அடித்துச் சொல்ல நான் தயங்குகிறேன்; தனி ஒருவருக்கு அது எச்சரிக்கைக் குறி என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

கேள்வி: சிகரெட்டை விடுவதற்கு மருத்துவர்களே இதைப் பரிந்துரைப்பதாகப் படித்தேனே?

பதில்: அது ஏற்கெனவே புகைப்பவர்களுக்கான பேச்சு. 2019-இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், இ-சிகரெட் பெற்றவர்களில் 18 சதவீதத்தினரும், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம் போன்றவற்றைப் பெற்றவர்களில் 9.9 சதவீதத்தினரும் ஓராண்டுக்குப் பின் சிகரெட் இல்லாமல் இருந்தனர். அதே ஆய்வில், இ-சிகரெட்டின் துணையுடன் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதத்தினர் ஓராண்டு கழித்தும் அந்தக் கருவியை விடவில்லை என்பதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை! புகைக்காத இளைஞருக்கு இதில் விடுவதற்கு எதுவும் இல்லை.

கேள்வி: எனக்கு 21 வயது. நினைத்தால் எந்த நாளும் நிறுத்திவிடுவேன். இது அடிமைத்தனமா?

பதில்: காலையில் கண் விழித்ததும் எத்தனை நிமிடத்தில் உங்கள் கை கருவியைத் தேடுகிறது? பல் துலக்குவதற்கு முன்பே என்றால், நாளுக்கு எத்தனை முறை இழுக்கிறீர்கள் என்ற கணக்கே தேவையில்லை. இன்றைய கருவிகள் பலவற்றில் உள்ள நிகோடின் உப்பு, அமிலம் சேர்க்கப்பட்டுக் காரத்தன்மை குறைந்தது என்பதால் தொண்டையை அரிப்பதில்லை. எனவே முதல்முறை இழுப்பவரும் இருமாமல் அதிக அளவை உள்ளே எடுத்துக்கொள்கிறார். மூளையின் முன்பகுதி சுமார் 25 வயதுவரை வளர்ந்துகொண்டிருப்பதால், இப்பழக்கம் இளையவரிடம் எளிதாக வேரூன்றுகிறது. கருவியில் சார்ஜ் தீர்ந்த ஓர் இரவில் நண்பர் சிகரெட்டை நீட்டினால் வேண்டாம் என்று சொல்வீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.