கிழக்கு வாசலா? போனைக் கேட்காதீர்கள்

கேள்வி: தாம்பரம் பக்கம் ஃபிளாட் பார்க்கிறோம். புரோக்கர் தன் போன் திசைகாட்டியில் கிழக்கு வாசல் என்று காட்டினார். என் போனில் தென்கிழக்கு வருகிறது. சர்வீஸ் கடையில், "சென்சார் போயிடுச்சு, போர்டு மாத்தணும்" என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். முதலில் போன் கவரைக் கழற்றுங்கள். மூடி ஒட்டி நிற்பதற்காகப் பல கவர்களில் ஒரு காந்தம் வைத்திருப்பார்கள். கடைக்காரர் அதைக்கூடக் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார்.

போன் திசை அறிவது பூமியின் காந்தப்புலத்தை வைத்து. நம் பக்கம் அது சுமார் 40 மைக்ரோடெஸ்லாதான். ஃப்ரிட்ஜில் ஒட்டும் பொம்மைக் காந்தம் அருகில் வந்தாலே அதை அமுக்கிவிடும். வாசலில் இரும்பு கேட், சுவருக்குள் கம்பி, பக்கத்தில் லிஃப்ட். அங்கே இரண்டு போன் இரண்டு திசை காட்டுவதில் அதிசயமில்லை. எங்கே நின்றால் முள் கிழக்கே போகும் என்று சில புரோக்கர்களுக்கு அத்துப்படி.

வண்டி நிற்காத வெட்டவெளிக்குப் போய், லைசென்ஸுக்கு எட்டுப் போடுவதுபோல் போனை நாலைந்து முறை சுழற்றிவிட்டுப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனம். விலை குறைந்த சில போன்களில் காந்த சென்சாரே கிடையாது. கேமராவைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் இதைப் பெட்டியில் சொல்வதில்லை; யாரும் கேட்பதுமில்லை. வண்டியில் போகும்போது மேப் சரியாகத்தானே காட்டுகிறது என்பீர்கள். அது ஜிபிஎஸ்ஸின் வேலை. நீங்கள் நகர்ந்தால்தான் அதற்குத் திசை தெரியும், நின்றால் தெரியாது. போனைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே என்றால், அது வேறு சென்சார். சென்சார் பட்டியல் காட்டும் இலவச செயலி ஒன்றைப் போட்டு, 'மேக்னடோமீட்டர்' என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எட்டுப் போட்டும் பயனில்லை, போர்டு மாற்றியும் பயனில்லை.

"சூரியன் உதிக்கிற பக்கம்தான் சார் கிழக்கு" என்பதையும் நம்பாதீர்கள். மார்ச், செப்டம்பர் 20-ஐ ஒட்டிய நாட்களில்தான் அது நேர் கிழக்கு. டிசம்பர் கடைசியில் சென்னையில் சுமார் 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும்.

அனுமதி பெற்ற வரைபடத்தில் வடக்கு அம்புக்குறி இருக்கும். அதன் நகலை வாங்கி, செயற்கைக்கோள் மேப்பில் கட்டடம் நிற்கும் வாக்கோடு ஒப்பிடுங்கள். டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். கொடுத்த பிறகு புரோக்கர் போனையே எடுக்க மாட்டார்.