கார்டும் மாத்திரையும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் அப்பாவுக்கு நெஞ்சுவலி. முதலில் ஓர் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். கட்டில் இல்லை, இரவு முழுக்கத் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். மறுநாள் தனியாருக்கு மாற்றினோம். முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டிலேயே ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். அரசு ஏன் ஆஸ்பத்திரி நடத்திச் சிரமப்பட வேண்டும்? எல்லாருக்கும் கார்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாமே?

ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா நன்றாகத் தேறி வரட்டும். நெஞ்சுவலியோடு வந்தவரைத் தரையில் படுக்க வைத்ததற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை. உங்கள் கோபம் நியாயமானது.

சரி, அந்தக் கார்டு யார் பணம்? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு அரசுதான் பிரீமியம் கட்டுகிறது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. நல்ல திட்டம், அதனால் பிழைத்தவர்கள் என் தெருவிலும் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் ஆள் படுக்கையில் விழுந்த பிறகுதான் கார்டுக்கு வேலை.

என் சித்தி முக்கூடலில் பீடி சுற்றுகிறார். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. சொளகை மடியில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் ஒரே இருப்பு. காலில் புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதா மாதம் மாத்திரை வாங்கிக்கொள்கிறார், காசு கிடையாது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக மருந்து வாங்குவதால் நடக்கிற காரியம் இது. இந்த மாத்திரைக்குக் கார்டு செல்லாது. மாத்திரை நின்று, புண் முற்றி, காலை எடுக்க வேண்டும் என்று வந்தால் செல்லும். அரசு ஒதுங்கிக்கொண்டால் சித்திக்கு மிஞ்சுவது அதுதான்.

முக்கூடலிலேயே பீடித் தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசின் ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. 1976இல் சட்டம் போட்டு, பீடிக்குத் தீர்வை வசூலித்து நல நிதி சேர்த்தார்கள். சுற்றிய பீடியிலிருந்தே சுற்றியவர்களுக்கு வைத்தியம். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வையை எடுத்துவிட்டார்கள். அவர்களுக்கென்றே இருந்த வருமானம் அது. அது போனது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

அப்புறம், அதே கார்டைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலும் காட்டலாம். அங்கே காட்டினால் காப்பீட்டுப் பணம் அந்த அரசு ஆஸ்பத்திரிக்கே வரும். தனியாருக்குப் போனால் பணமும் கூடவே போய்விடும், அரசு ஆஸ்பத்திரியில் கட்டில் பஞ்சம் அப்படியே இருக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்போது எந்தப் பிள்ளையும் இதையெல்லாம் யோசிக்க முடியாது. யோசிக்க வேண்டியது அரசு.

அப்பாவுக்கு இனி தினமும் மாத்திரை இருக்குமே, எங்கே வாங்குகிறீர்கள்? கடையில் என்றால், ஒருமுறை அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு, டிஸ்சார்ஜ் காகிதத்தைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று எனக்கு எழுதுங்கள்.