டெக்சாசில் சைல்ட் சப்போர்ட்: பிரிந்து வாழும் பெற்றோர் கேட்டவை

டெக்சாசில் குடும்ப வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பல வருடங்களாக உதவியாளராக இருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. சைல்ட் சப்போர்ட், அதாவது குழந்தை தன்னுடன் இல்லாத பெற்றோர் அதன் செலவுக்கு மாதாமாதம் கட்டும் பணம் பற்றி நம்மவர்கள் கேட்டதில் பலருக்கும் பயன்படக்கூடியதை எடுத்துக்கொண்டேன். இதெல்லாம் டெக்சாஸ் கணக்கு, மற்ற மாநிலங்களில் வேறு மாதிரி இருக்கும்.

இரண்டு குழந்தைகளும் என்னிடம் இருக்கிறார்கள். மாதம் எவ்வளவு வரும், அக்கா?

பணம் கட்ட வேண்டிய உங்கள் கணவரின் மாத நிகர வருமானத்தில் ஒரு குழந்தைக்கு 20 சதவீதம், இரண்டு குழந்தைகளுக்கு 25, மூன்று என்றால் 30. நிகர வருமானம் 7,000 டாலர் என்றால் உங்களுக்கு 1,750. இந்தச் சதவீதக் கணக்குக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2025 செப்டம்பர் 1 முதல் அது 11,700 டாலர். அதற்கு மேல் சம்பாதித்தாலும் சதவீதம் 11,700க்குத்தான். கூடுதலாக வேண்டுமென்றால் குழந்தையின் தேவையைக் காட்டித்தான் கேட்க முடியும். மருத்துவ, பல் காப்பீடு இதில் சேராது, அதற்குத் தனி உத்தரவு.

ஊரில் அப்பா அம்மாவுக்கு மாதா மாதம் பணம் அனுப்புகிறேன். வீட்டுக்கடன் இருக்கிறது. 401கே என்ற ஓய்வுக்கால சேமிப்புக்கும் சம்பளத்தில் போகிறது. இதையெல்லாம் கழிக்க மாட்டார்களா?

மாட்டார்கள், தம்பி. வருமான வரி, சோஷியல் செக்யூரிட்டி, குழந்தைக்கு நீங்கள் கட்டும் காப்பீடு போன்ற சிலதை மட்டுமே கழிப்பார்கள். போனஸ், ஓவர்டைம் எல்லாம் வருமானத்தில் சேரும். பெற்றவர்களைக் கவனிப்பது நமக்குக் கடமைதான். ஆனால் சட்டம் குழந்தையின் பங்கை முதலில் எடுத்து வைக்கிறது. அது சரி என்றே நினைக்கிறேன்.

கணவரின் வேலை விசாவை ஒட்டிக் கிடைக்கும் எச்4 விசாவில் இருக்கிறேன். எனக்கு விண்ணப்பிக்க உரிமை உண்டா?

உண்டு. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் சைல்ட் சப்போர்ட் பிரிவில் விண்ணப்பிக்கலாம், விசா இதற்குத் தடை இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அங்குள்ள வழக்கறிஞர்கள் மாநிலத்தின் சார்பில் வருபவர்கள். உங்களுக்கும் அவர்கள் வழக்கறிஞர் இல்லை, அவருக்கும் இல்லை. அப்புறம், விவாகரத்து முடிந்த அன்றே எச்4 தகுதி போய்விடும். அதற்கு முன்பே ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள் தங்கச்சி, தள்ளிப்போடாதீர்கள்.

மாதம் தவறாமல் அவள் கணக்குக்கே ஜெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில் அனுப்பினேன். இப்போது 14,000 டாலர் பாக்கி என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. இது எப்படி?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் மனம் கனத்துப்போகும். உண்மையாகவே பணம் கொடுத்தவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். சான் அன்டோனியோவில் உள்ள மாநிலப் பட்டுவாடா மையம் (சைல்ட் சப்போர்ட் பணத்தை வாங்கி மறுதரப்புக்கு அனுப்பும் அலுவலகம்) வழியாகக் கட்டச் சொல்லி உத்தரவு இருந்தால், அந்தப் பதிவேட்டில் ஏறியதுதான் கணக்கு. நேரடியாக அனுப்பியது அன்பளிப்பாகவே போய்விடலாம். வாங்கிக் கொடுத்த ஷூ, பள்ளிச் சுற்றுலாவுக்குக் கட்டிய பணம் எல்லாமே அப்படித்தான். பாக்கிக்கு வருடம் 6 சதவீதம் வட்டி ஏறும். 2,500 டாலரைத் தாண்டினால் அமெரிக்கப் பாஸ்போர்ட் கிடைக்காது. டிரைவிங் லைசென்ஸ் நிறுத்தப்படலாம், வரி ரீஃபண்டையும் பிடித்துக்கொள்வார்கள்.

இப்போதே வங்கி அறிக்கைகளை மாதவாரியாக அடுக்குங்கள். 'இந்த மாதப் பணம் வந்தது' என்று அவர் அனுப்பிய செய்திகளையும் எடுத்து வைத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள். அவர் ஒப்புக்கொண்டால் தீர்வது சுலபம், ஒப்புக்கொள்ளாவிட்டால் போராட வேண்டியிருக்கும். அடுத்த மாதத்திலிருந்து ஒரு டாலர்கூட மையத்துக்கு வெளியே போகக்கூடாது. உத்தரவு சம்பளத்தில் பிடிக்கச் சொல்லியும் கம்பெனி இன்னும் பிடிக்கவில்லை என்றால், பிடிக்கத் தொடங்கும்வரை நீங்களே மையத்தில் கட்டுங்கள்.

லேஆஃபில் வேலை போய்விட்டது. தொகை தானாகக் குறையுமா?

குறையாது. மனு போட வேண்டும், அதுவும் இந்த வாரமே. மனு மறுதரப்பின் கையில் போய்ச் சேர்வதற்கு முன் ஏறிய பாக்கியைக் குறைக்க நீதிபதிக்கே அதிகாரம் கிடையாது. 'வேலை கிடைத்ததும் பார்க்கலாம்' என்று ஆறு மாதம் காத்திருந்தால் அந்த ஆறு மாதமும் பழைய தொகைதான். வேலை போகாதவர்களும் கேட்கலாம்: உத்தரவு வந்து 3 வருடம் ஆகியிருந்து, இன்றைய கணக்குப்படி வரும் மாதத் தொகை பழைய தொகையிலிருந்து 20 சதவீதமோ 100 டாலரோ மாறுபட்டால் போதும்.

நாலு மாதமாகப் பணம் வரவில்லை. வார இறுதியில் பிள்ளையை அவரிடம் அனுப்பத்தான் வேண்டுமா?

அனுப்புங்கள். பணமும் பார்க்கும் உரிமையும் தனித்தனி உத்தரவுகள். நீங்கள் அனுப்ப மறுத்தால் நீதிமன்றத்தில் தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். அவருக்கும் இதே பதில்தான்: பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்த முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிற பிள்ளைக்குப் பாக்கிக் கணக்கு தெரியாது.

எந்த வயது வரை?

18 வயது, அல்லது பள்ளிப் படிப்பு முடியும் வரை, எது பின்னால் வருகிறதோ அதுவரை. உடல், மனக் குறைபாட்டால் எப்போதும் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைக்கு அதற்குப் பிறகும் உண்டு. கல்லூரிச் செலவை நீதிமன்றம் கட்டச் சொல்லாது. ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால்தான்.

அவர் சென்னைக்கே திரும்பிவிட்டார். இனி என்ன வழி?

கடினம்தான், மறைக்க விரும்பவில்லை. நாடு விட்டு நாடு ஜீவனாம்சம் வசூலிக்க உதவும் 2007 ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. டெக்சாஸ் உத்தரவை இங்கிருந்து அனுப்பி நேரடியாக அங்கே வசூலிக்க முடியாது. அதை வைத்து இந்திய நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போட வேண்டும். அவருக்கு முறையாகச் சம்மன் போய், அவர் தரப்பையும் கேட்டு வந்த உத்தரவுக்குத்தான் அங்கே மதிப்பு. அவர் இல்லாமல் ஒருதலையாக வாங்கியது நிற்பது சந்தேகம். இன்னொரு வழி, இந்தியாவின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144வது பிரிவில் சென்னைக் குடும்ப நீதிமன்றத்தில் குழந்தைக்காக ஜீவனாம்சம் கேட்பது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125வது பிரிவுதான் இது.

அதற்கு முன் இங்கே அவர் என்ன விட்டுப் போயிருக்கிறார் என்று பாருங்கள். வீடு, வங்கிக் கணக்கு, 401கே எதிலிருந்தும் பாக்கியை வசூலிக்க நீதிமன்றத்தை நாடலாம். அவர் அங்கிருந்தபடி அமெரிக்கக் கம்பெனியின் சம்பளப் பட்டியலிலேயே இருந்தால், அந்தச் சம்பளத்திலும் பிடிக்கச் சொல்லலாம். கம்பெனி பெயர் தெரிந்தால் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் இன்றே சொல்லிவிடுங்கள்.