நிலத்தடியில் அடைத்த கரியமில வாயு மேலே வந்துவிடாதா? பாறையின் மேற்பரப்புக்கு இதில் என்ன பங்கு?

மின்நிலையப் புகையிலிருந்து பிரித்தெடுத்த கரியமில வாயுவை ஆழத்தில் உள்ள பாறைக்குள் செலுத்தினால், அது அங்குள்ள உப்புநீரைவிட இலேசானது என்பதால் மேலேறிவிடாதா என்றும், பாறையின் மேற்பரப்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நெருங்கிய தொடர்பு உண்டு. துளைகளின் அளவு ஒன்றாகவே இருந்தாலும், மேற்பரப்பு தண்ணீரோடு ஒட்டுகிறதா, வாயுவோடு ஒட்டுகிறதா என்பதைப் பொறுத்து ஒரு பாறை இறுக்கமான மூடியாகவும் அமையலாம், கசியும் பானையாகவும் ஆகலாம். திருநெல்வேலியிலிருந்து வந்து பதினோரு ஆண்டுகளாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பாறை மாதிரிகளை ஆராயும் வேலையில் இருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

முதலில் கண்ணால் காணக்கூடிய ஒன்று. எங்கள் பக்கத்து வீட்டு ஆயா கொல்லையில் மடும்பி வளர்க்கிறார். நம் ஊர்ச் சேப்பங்கிழங்கைத்தான் இங்குள்ளவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். அந்த இலையில் விழும் மழைத்துளி முத்தாகத் திரண்டு உருண்டோடும். அதே துளி அருகில் கிடக்கும் பழைய செங்கல்லில் விழுந்தால் பரவி உள்ளே இறங்கிவிடும். துளியின் ஓரம் பரப்போடு சேரும் கோணத்தைத்தான் பள்ளியில் சேர்கோணம் என்று படித்தோம். கோணம் சிறிதாக இருந்தால் பரப்பு தண்ணீரை ஏற்கிறது. 90 பாகையைத் தாண்டினால் விலக்குகிறது. நிலத்தடியில், தண்ணீரைச் சுற்றிக் காற்றுக்குப் பதிலாக அழுத்தத்தில் இருக்கும் கரியமில வாயு உள்ளது என்பதே வேறுபாடு.

ஏறத்தாழ 800 மீட்டருக்குக் கீழே வெப்பமும் அழுத்தமும் கூடுவதால், வாயுவென்றும் திரவமென்றும் பிரித்துச் சொல்ல முடியாத அடர்ந்த நிலைக்குக் கரியமில வாயு வந்துவிடுகிறது. தரைமட்டத்தில் 500 கன மீட்டருக்கு மேல் இடம் கேட்கும் ஒரு டன் வாயு, அங்கே ஒன்றரை அல்லது இரண்டு கன மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனாலும் சுற்றியுள்ள உப்புநீரைவிட அது கன மீட்டருக்குச் சுமார் 400 கிலோ இலேசானது. ஆகவே அது எப்போதும் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கும். அதைத் தடுப்பது மேலே படிந்திருக்கும் களிப்பாறை.

இந்தக் களிப்பாறையிலும் துளைகள் உண்டு; அவற்றின் கழுத்துகள் சில பத்து நானோமீட்டர் அளவுக்கு மிகக் குறுகியவை, உப்புநீரால் நிறைந்தவை. பாறை தண்ணீரை விரும்பும் வரை அந்த நீரைத் தள்ளிவிட்டு வாயு நுழைய வேண்டுமானால் பெரிய அழுத்தம் தேவைப்படும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கழுத்தின் ஆரம் 20 நானோமீட்டர், நீருக்கும் வாயுவுக்கும் இடையிலான பரப்பு இழுவிசை மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன் என்று கொள்வோம். சேர்கோணம் சுழியாக இருந்தால் நுழைவு அழுத்தம் 3 மெகாபாஸ்கல். அது ஏறக்குறைய 760 மீட்டர் உயரமுள்ள வாயுத் தூணைத் தாங்கும். கோணம் 60 பாகை ஆனால் தாங்கும் உயரம் பாதியாகிவிடும். 80 பாகையில் அது 130 மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும், 90 பாகையில் தடையே இருக்காது. பாறை மாறவில்லை, துளை மாறவில்லை, மேற்பரப்பின் குணம் மட்டுமே மாறியிருக்கிறது. இந்தக் கணக்கை முதன்முதலாகப் போட்டுப் பார்த்த நாளில்தான் என் வேலையின் கனம் எனக்குப் புரிந்தது.

மூடிக்குக் கீழே வாயு தங்கும் மணற்பாறையிலும் இதே குணம் வேறொரு வகையில் உதவுகிறது. வாயு நகர்ந்துபோன பாதையில் உப்புநீர் திரும்பி வரும்போது, தண்ணீரை விரும்பும் மணல்மணிகளின் மேல் அது மெல்லிய படலமாக ஊர்ந்து, துளையின் கழுத்தில் திரண்டு, தொடர்ச்சியாக இருந்த வாயு இழையை அறுத்துவிடும். அறுபட்ட துண்டுகள் குமிழ்களாகத் துளைகளில் சிக்கிக்கொண்டு, மேலே மூடி இல்லாவிட்டாலும் எளிதில் நகர முடியாமல் நின்றுவிடும். பாறை வாயுவை விரும்பும் குணம் உடையதாக மாறிவிட்டால், வாயுவே படலமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு அறுபடாமல் ஓடும். நார்வேயின் ஸ்லெய்ப்னர் களத்தில் 1996இல் தொடங்கிப் பல ஆண்டுகள், ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் டன் வரை கரியமில வாயுவைக் கடலடி மணற்பாறைக்குள் செலுத்தினார்கள். அங்கும் மேலே களிப்பாறைதான் மூடி.

இனி, எனக்கு மிகவும் கவலை தரும் செய்திக்கு வருகிறேன். சேர்கோணத்தை அளப்பதற்கு, பாறைச் சில்லை உயர் அழுத்தக் கலத்துக்குள் வைத்து, சுற்றிலும் கரியமில வாயுவை நிரப்பி, ஊசி முனையிலிருந்து ஒரு துளி உப்புநீரை இறக்கி, பக்கவாட்டிலிருந்து படமெடுப்போம். தொடக்க காலத்தில் ஒரு குவார்ட்ஸ் சில்லு எனக்கு 60 பாகைக்கு மேல் காட்டிக்கொண்டே இருந்தது. குவார்ட்ஸ் தண்ணீரை நன்றாக ஏற்கும் கனிமம் என்பதால், இரண்டு வாரம் கருவியைச் சந்தேகித்தேன். பிறகுதான், உறை போடாத விரலால் அந்தச் சில்லைத் தொட்டிருந்தேன் என்பது நினைவுக்கு வந்தது. முறையாகச் சுத்தம் செய்து மறுபடி வைத்தபோது துளி தட்டையாகப் பரவி, கோணம் 20 பாகைக்கும் கீழே இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒன்று அவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்திருந்தது.

அன்று தவறு என்னுடையது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: நிலத்தடியில் இருக்கும் பாறையை யார் சுத்தம் செய்தார்கள்? கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து மக்கிய உயிர்ப்பொருள்களிலிருந்து வந்த கரிம அமிலங்கள் அதன் மேல் படிந்திருக்கின்றன. மிகச் சிறு அளவிலேயே அவை குவார்ட்ஸின் குணத்தை மாற்றக்கூடியவை. மைக்கா போன்ற கனிமங்களில் வாயுவின் அழுத்தம் கூடக் கூடக் கோணமும் கூடுகிறது. கரிமப்பொருள் மிகுந்த களிப்பாறையில் நிலைமை இன்னும் மோசமாகலாம். பளபளவென்று தேய்த்துக் கழுவிய சில்லில் கிடைத்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மூடிப்பாறையை நம்புவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

நிலக்கரியின் கதை வேறு. டர்பன் இருக்கும் நட்டால் பகுதியின் வடக்கில் நியூகாசில், டண்டீ வட்டாரச் சுரங்கங்களில் நம் முன்னோர் பலர் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்தார்கள். அந்த நிலக்கரியின் உட்பரப்பு கரியமில வாயுவை மீத்தேனைவிட வலுவாக ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். அது நல்லதுதான், ஆனால் பிடிக்கும்போதே நிலக்கரி உப்பி, தன் வெடிப்புகளைத் தானே அடைத்துக்கொள்வதால், மேற்கொண்டு வாயுவைச் செலுத்துவது கடினமாகிவிடுகிறது.

பசால்ட் எனப்படும் எரிமலைப் பாறையில் மேற்பரப்பு வேதிவினையிலும் ஈடுபடுகிறது. வாயு கரைந்த நீர் சற்றே அமிலமானது. அது பாறைப் பரப்பிலிருந்து கால்சியம், மக்னீசியம், இரும்பு ஆகியவற்றைக் கரைத்தெடுக்க, அவை வாயுவோடு சேர்ந்து கார்பனேட் கனிமங்களாகப் படிகின்றன. நீர் தொடும் பரப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு விரைவாக இது நடக்கும். ஐஸ்லாந்தின் கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தில் 2012இல் செலுத்திய வாயுவில் 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டு ஆண்டுகளுக்குள் கல்லாகிவிட்டது என்று 2016இல் வெளியிட்டார்கள். ஒரு டன் வாயுவைக் கரைக்க இருபது டன்னுக்கு மேல் தண்ணீர் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வறட்சிக்கு ஆளாகும் நாட்டில் அது சிறிய செலவல்ல. டிராகன்ஸ்பெர்க் மலையில் நடந்தபோது எடுத்த ஒரு பசால்ட் துண்டு என் மேசையில் இருக்கிறது. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பில் குமிழிகளாக இருந்த இடங்களெல்லாம் வெள்ளைக் கனிமத்தால் நிரம்பி, பட்டாணி பதித்தது போல் தெரிகின்றன. ஒவ்வொரு பட்டாணியும் சுவரிலிருந்து உள்நோக்கி வளர்ந்திருக்கிறது. படிவு பரப்பில்தான் தொடங்குகிறது; அந்தப் படிவே பரப்பை மூடி வினையைத் தணிக்கவும் செய்கிறது.

தென்னாப்பிரிக்காவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தே வருவதால் இங்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. 2010இல் வெளியான சேமிப்பு நிலவரைபடத் தொகுப்பு நாட்டின் கொள்ளளவை 150 பில்லியன் டன் அளவில் மதிப்பிட்டது. அதில் நிலப்பகுதியில் இருப்பது 2 விழுக்காட்டுக்கும் குறைவு, மற்றதெல்லாம் கடலடியில். நிலப்பகுதியில் உள்ளவற்றுள் ஒன்று எங்கள் மாகாணத்தின் வடக்கே உள்ள சூலுலாந்துப் படுகை. அங்கு என்றாவது துளையிட்டுப் பாறைத் தண்டு எடுத்தால், அதைக் காற்றுப் படாமல் மூடி, கழுவாமல், அதன் சொந்த உப்புநீரோடும் படிந்திருக்கும் கரிமப் படலத்தோடும் அப்படியே ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அளவீட்டை அந்த ஆழத்தின் அழுத்தத்திலும் வெப்பத்திலும் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு அதே பாறையில் ஒரு சில்லைக் கழுவி அளந்து, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிட வேண்டும்.