லோயரிங் ஸ்பிரிங் மாட்டினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம் பார்க்க வேண்டுமா? கேம்பர் மாறி டயர் தேய்ந்துவிடுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் டயரைத் தின்பது பெரும்பாலும் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது) இல்லை, டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது). இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு ஜோடி முன் டயரைக் குப்பைக்கு அனுப்பியவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

நீங்கள் 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் வாங்கி வைத்திருக்கிறீர்கள், வீட்டிலேயே மாட்டப் போகிறீர்கள், "வண்டி நேராக ஓடினால் அலைன்மென்ட் எதற்கு?" என்று நண்பர் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என்னுடையதும் 30 மி.மீ. ஸ்பிரிங்தான். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விட்டம்). மாட்டி முடித்த அன்று ஸ்டீயரிங்கை லேசாக விட்டுப் பார்த்தேன், கோடு போட்ட மாதிரி போனது. அதோடு மறந்துவிட்டேன். சுமார் 8000 கி.மீ. கழித்து பிரேக் பேட் மாற்றச் சக்கரத்தைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் நன்றாக இருந்த டயரின் உள் ஓரத்தில் கம்பி எட்டிப் பார்த்தது. அடுத்த பக்கமும் அதே கதை. இரண்டு பக்கமும் ஒரே அளவு தப்பாக இருந்ததால்தான் வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. ஆகவே "நேராக ஓடுகிறது" என்பது அலைன்மென்ட் சரியாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது.

அதற்குப் பிறகு அளந்து பார்த்ததில் முன் கேம்பர் −0.5 டிகிரியிலிருந்து −1.2 டிகிரிக்குப் போயிருந்தது (மைனஸ் என்றால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்கிறது). நானும் எல்லோரையும் போல அதைத்தான் குற்றம் சொன்னேன். ஆனால் அடுத்த வரியில் மொத்த டோ 0.4 டிகிரி வெளிப்பக்கம், அதாவது டோ-அவுட் என்று இருந்தது. சக்கரத்துக்கு 0.2 டிகிரி. கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரிதான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.2 டிகிரி திரும்பி நிற்கும் சக்கரத்தை நேராக இழுத்துப் போனால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் அது பக்கவாட்டில் போகப் பார்க்கிறது, வண்டி விடுவதில்லை. அந்த 8000 கி.மீ.க்குள் என் டயர்கள் கிட்டத்தட்ட 28 கி.மீ. தூரத்துக்குப் பக்கவாட்டில் உராய்ந்திருக்கின்றன. கேம்பர் செய்த வேலை, அந்தத் தேய்மானம் எந்த ஓரத்தில் விழ வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது மட்டும்தான். டோவைச் சரி செய்த பிறகு அதே −1.2 டிகிரி கேம்பரில் அடுத்த ஜோடி டயர் ஓரளவு சமமாகவே தேய்ந்தது.

ஸ்பிரிங்கை மாற்றினால் டோ ஏன் மாற வேண்டும் என்று கேட்பீர்கள். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மும், சக்கரத்தைத் திருப்பும் கம்பியான ஸ்டீயரிங் டை ராடும் தனித்தனி இடத்தில் கீல் போல ஆடுகின்றன, நீளமும் வேறு. வண்டி இறங்கும்போது இரண்டின் வெளி முனையும் வேறு வேறு வளைவில் மேலே போகின்றன. அந்த வித்தியாசம் சக்கரத்தை உள்ளேயோ வெளியேயோ திருப்பிவிடும். எந்தப் பக்கம் என்பது ஸ்டீயரிங் ரேக் ஆக்ஸிலுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் இன்னொருவர் காரில் வந்த எண்ணை உங்கள் காருக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, மாட்டும் வேலைக்கு வருவோம். ஜாக்கியில் தூக்குவதற்கு முன், சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் நடு மையத்திலிருந்து ஃபெண்டர் வளைவு வரை அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கூடக் குறைய இருப்பதும் கணக்கில் சேர்ந்து குழப்பும். இந்த நான்கு எண்களும் பின்னால் இரண்டு முறை உதவும்.

ஸ்ட்ரட்டைக் கழற்றி வெளியே எடுத்த பிறகு, ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரால் அமுக்காமல் மேலே இருக்கும் நடு நட்டைத் தொடவே கூடாது. காரின் ஒரு மூலையின் எடையைச் சுமக்கும் ஸ்பிரிங் அது. அமுங்கிய நிலையில் சில நூறு கிலோ விசை அதற்குள் காத்திருக்கிறது. கொக்கிகளை நேர் எதிரெதிரே மாட்டி, இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று கையாலேயே மாற்றி மாற்றி இறுக்குங்கள், இம்பாக்ட் கன் வேண்டாம். ஸ்பிரிங் இருக்கை (அது உட்காரும் தட்டு) தளர்ந்து ஸ்பிரிங் கையால் சுழலும் அளவுக்கு வந்த பிறகுதான் நட். முகத்தை ஸ்ட்ரட்டின் நேர்கோட்டில் வைக்காதீர்கள். கம்ப்ரஸர் தரத்தில் சந்தேகம் இருந்தால் இந்த ஒரு வேலையை மட்டும் பட்டறையில் கொடுத்துச் செய்யலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. புது ஸ்பிரிங்கை வைக்கும்போது அதன் நுனி கீழ் இருக்கையில் இருக்கும் படியில் முட்டி நிற்க வேண்டும். ஒரு விரல் அகலம் தள்ளி உட்கார்ந்தாலும் உயரம் மாறும், திரும்பும்போது "டொங்" என்று சத்தம் வரும். டாப் மவுண்டும் (ஸ்ட்ரட்டின் மேல்முனையை வண்டியோடு பிணைப்பது) அதன் பேரிங்கும் பழசாக இருந்தால் இதே மூச்சில் மாற்றிவிடுங்கள், மறுபடியும் இவ்வளவையும் யார் பிரிப்பது?

இப்போது நிறையப் பேர் கோட்டைவிடும் இடம். லோயர் ஆர்ம் புஷ்கள் ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் நடுவில் இருக்கும் இரும்புக் குழாய் அப்படியே பிடித்துக்கொள்ளும், ஆர்ம் ஆடுவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான். சுமார் 330 மி.மீ. நீள ஆர்மில் 30 மி.மீ. இறக்கம் என்றால் ஏறக்குறைய 5 டிகிரி முறுக்கு. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கினால் முறுக்கு அதைவிட இன்னும் அதிகம். ரப்பர் சீக்கிரம் கிழியும், அதுவரை தானே ஒரு சின்ன ஸ்பிரிங் மாதிரி வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். என் காரின் பின்பக்கம் சொன்ன அளவுக்கு இறங்கவே இல்லை, 12 மி.மீ. மேலேயே நின்றது. ஸ்பிரிங்தான் தப்பு என்று விற்றவரிடம் சண்டைக்குப் போக இருந்தேன். பிறகு சக்கரங்கள் தரையில் இருக்கும் நிலையில் பின் பீம் போல்ட்டுகளைத் தளர்த்தினேன். "டக்" என்று ஒரு சத்தம், வண்டி என் கண்முன்னே உட்கார்ந்தது. அப்படியே வைத்து டார்க் ரென்ச்சால் இறுக்கினேன். ஆர்ம் போல்ட்டுகளை நீங்கள் கழற்றவே இல்லை என்றாலும், புது உயரத்தில் ஒருமுறை தளர்த்தி இறுக்குவது நல்லது. சாய்தளத்திலோ, சக்கரத்துக்கு அடியில் உறுதியான கட்டை கொடுத்தோ, வண்டியின் எடை முழுவதும் சக்கரத்தில் இருக்கும்படி செய்ய வேண்டும். இறுக்கும் அளவு உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

ஸ்பிரிங் வாங்காமல் பழையதையே அறுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அறுத்த நுனி இருக்கையில் உட்காராது, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் கழன்று ஆடும். ஷாக் அப்சார்பர் விஷயத்தில் என் கருத்து: பழைய ஷாக் ஏற்கெனவே நிறைய ஓடியிருந்தால் புது ஸ்பிரிங்கோடு சேர்த்தே மாற்றுங்கள். ஸ்பிரிங் முன்பைவிட விறைப்பு, ஷாக் முன்பைவிடத் தளர்வு என்றால் வண்டி குதிரை மாதிரி துள்ளும். பம்ப் ஸ்டாப்பை (ஷாக் முழுதாக அமுங்கும்போது முட்டி நிற்கும் மெத்தை) வெட்டச் சொல்லி ஸ்பிரிங்கோடு வரும் தாளில் இருந்தால் அதே அளவு மட்டும் வெட்டுங்கள், சொல்லவில்லை என்றால் கத்தியை எடுக்காதீர்கள்.

மாட்டிய அன்றே அலைன்மென்ட்டுக்கு ஓட வேண்டாம், என்னைப் போல மறந்துவிடவும் வேண்டாம். 200 கி.மீ. போல ஓட்டி, ஸ்பிரிங் இருக்கைகளும் புஷ்களும் உட்கார விடுங்கள். முன்பு எடுத்த மைய அளவை மறுபடி எடுங்கள். இடமும் வலமும் சில மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் முதலில் அதற்குக் காரணம் தேடுங்கள், உயரம் சரியில்லாத வண்டிக்கு அலைன்மென்ட் பார்ப்பது வீண். ஆனால் அந்த 200 கி.மீ.க்குள் டோ கண்டபடி இருக்கக் கூடாது அல்லவா? நீளமான நேர்க்கம்பி இரண்டையும் டேப்பையும் வைத்து, முன் சக்கரங்களின் முன் ஓர இடைவெளியையும் பின் ஓர இடைவெளியையும் வீட்டிலேயே அளந்து, வித்தியாசம் ஓரிரு மி.மீ.க்குள் வரும்படி டை ராடைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். தற்காலிகத்துக்குப் போதும்.

அலைன்மென்ட் இடத்தில் கவனிக்க வேண்டியது. நான் முதலில் போன இடத்தில் முன் சக்கரத்தை மட்டும் பார்த்து, ஒரு பக்க டை ராடை மட்டும் திருப்பி, திரையில் எல்லாம் பச்சை என்று காட்டினார்கள். வெளியே வந்தால் நேர்ச் சாலையில் ஸ்டீயரிங் பத்து டிகிரி சாய்ந்து நின்றது. காரணம் இதுதான்: வண்டி எந்தத் திசையில் போகும் என்பதைப் பின் சக்கரங்கள்தான் தீர்மானிக்கின்றன. அவை இரண்டும் சேர்ந்து காட்டும் திசைக்கு ஏற்ப முன் டோவை வைக்க வேண்டும், ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டிவிட்டு, இரண்டு டை ராடையும் தனித்தனியாகச் சரி செய்ய வேண்டும். ஆகவே நான்கு சக்கரத்தையும் அளக்கும் இடமாகப் பாருங்கள். பின்பக்கம் சரி செய்ய வழி உள்ள காரானால் அது முதலில், பிறகு முன் காஸ்டர் (பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் சாய்வு), கேம்பர், கடைசியில்தான் முன் டோ. கேம்பரைத் தொட்டால் டோ நகரும், அதனால் இந்த வரிசை மாறக் கூடாது. டார்ஷன் பீம் கார்களில் பெரும்பாலும் பின்பக்கம் திருப்ப எதுவும் இருக்காது, ஆனாலும் எண்ணை வாங்கிப் பாருங்கள். ஏதாவது வளைந்திருந்தால் அங்கேதான் தெரியும்.

காகிதத்தை வாங்கியதும் அலகைப் பாருங்கள். 0.30 டிகிரி வேறு, 0 டிகிரி 30 நிமிடம் வேறு. 60 நிமிடம் ஒரு டிகிரி என்பதால் இரண்டாவது அரை டிகிரி. இந்தக் குழப்பத்தில் தப்பாக வைத்துக்கொடுத்ததை நேரில் பார்த்திருக்கிறேன். மி.மீ. கணக்கில் கொடுத்தால் எந்த விட்டத்தில் அளந்தது என்று கேளுங்கள். 600 மி.மீ. விட்டத்தில் 1 மி.மீ. என்பது ஏறக்குறைய 0.1 டிகிரி, ரிம் விளிம்பில் அதே 1 மி.மீ. இன்னும் பெரிய கோணம்.

டோவுக்கு உங்கள் கார் நிறுவனம் சொன்ன அளவையே வையுங்கள், அதை மாற்ற ஸ்பிரிங் ஒரு காரணமே இல்லை. கேம்பர் −1.5 டிகிரிக்குள் இருந்து, இரு பக்கமும் அரை டிகிரிக்குள் ஒத்துப்போனால் தினசரி ஓட்டத்துக்கு நான் அதைத் தொட மாட்டேன். அதற்கு மேல் போனால் ஸ்ட்ரட்டின் அடியில் போடும் கேம்பர் போல்ட் கிடைக்கிறது, பல கார்களில் ஒரு டிகிரிக்கு மேல் திருப்பலாம்.

ஸ்டீயரிங் சென்சாரைப் புதிதாக நேர்நிலைக்கு வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சில கார்களில் வழுக்கல் தடுப்பு விளக்கு எரியும். ஹெட்லைட் வெளிச்சம் எங்கே விழுகிறது என்றும் ஒரு சுவரில் அடித்துப் பாருங்கள். முகப்புக் கேமரா உள்ள காரானால் அதற்கும் சீரமைப்பு வேண்டுமா என்று கையேட்டில் பாருங்கள்.

அப்புறம், மாதம் ஒருமுறை ஸ்டீயரிங்கை முழுதாக ஒரு பக்கம் ஒடித்து நிறுத்தி, டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவுங்கள், முதலில் உள்ளிருந்து வெளியே, பிறகு வெளியிலிருந்து உள்ளே. ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் மாதிரியும் தட்டினால் டோ நகர்ந்திருக்கிறது. கம்பி தெரிவதற்குப் பல ஆயிரம் கி.மீ. முன்பே கைக்கு அது தெரிந்துவிடும்.