காமா வந்தால் காஸ்மிக் கதிரும் அங்கிருந்துதானா?

தம்பி, மார்க்காரியன் 421 என்ற பிளேசரிலிருந்து (தன் ஜெட்டை, அதாவது துகள் பீச்சை, நம்மை நோக்கி வீசும் செயல்மிகு விண்மீன் திரள்) காமா கதிர் வருவதால் 10இன் 20ஆம் அடுக்கு எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்களும், அதாவது மிக உயர் ஆற்றல் காஸ்மிக் கதிர்களும், அங்கிருந்துதான் என்று ப்ராஜெக்டில் எழுதினீர்கள், கைடு அடித்துவிட்டார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் அடித்தது நியாயம்தான்.

காமாவுக்குப் புரோட்டான் கட்டாயமில்லை. ஜெட்டில் பாயும் எலக்ட்ரான்கள் ஒளித்துகள்களை மோதி ஆற்றலேற்றினாலே போதும். புரோட்டான் மோதியிருந்தால் பயான்கள் என்ற குறுவாழ்வுத் துகள்கள் பிறக்கும். மின்சுமையற்றது காமாவாகச் சிதையும், மின்சுமையுள்ளது நியூட்ரினோவைத் தரும். ஆக, புரோட்டான் இருந்ததற்குச் சாட்சி நியூட்ரினோதான். 2017 செப்டம்பர் 22இல் தென்துருவத்திலுள்ள ஐஸ்கியூப் உணர்கருவி பிடித்த நியூட்ரினோவின் திசையில் டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற பிளேசர் காமாவில் கொதித்துக்கொண்டிருந்தது. அதுவே 3 சிக்மாதான், அதாவது தற்செயல் பொருத்தமாக இருக்கும் வாய்ப்பு முற்றிலும் நீங்கவில்லை. ‘நிரூபணம்’ என்று எழுதிவிடாதீர்கள், வைவாவில் பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்தது தூரம். மார்க்காரியன் 421 சுமார் 40 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அந்த ஆற்றலுள்ள புரோட்டான் வழியெல்லாம் மைக்ரோவேவ் பின்னணியில் மோதி ஆற்றலை இழந்துகொண்டே வரும் (ஜிஇசட்கே வரம்பு). 1.2 கோடி ஒளியாண்டிலுள்ள சென்டாரஸ் ஏ என்ற செயல்மிகு விண்மீன் திரள் இதற்குப் பொருத்தமான ஆள். உங்கள் கடலூரிலிருந்தே பார்க்கலாம்: மே மாத இரவு 10 மணி வாக்கில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தெற்கே 35 டிகிரி உயரத்தில், பைனாகுலரில் மங்கலாக. ஆனால் அங்கிருந்து வரும் புரோட்டானின் பாதையையும் வழியிலுள்ள காந்தப்புலம் வளைத்துவிடும், வந்த திசையை வைத்து மூலத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. 2007இல் காஸ்மிக் கதிர்களை ஆராயும் பியர் ஓஜே ஆய்வகக் குழு செயல்மிகு விண்மீன் திரள்களோடு காட்டிய பொருத்தமும் தரவு சேரச் சேர வலுவிழந்தது.

மார்க்காரியனைக் காமா அத்தியாயத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காஸ்மிக் கதிர் அத்தியாயத்தில் சென்டாரஸ் ஏயை ‘சாத்தியமான மூலம்’ என்று மட்டும் போடுங்கள்.